இரண்டாம் வகுப்பிலேயே கூட்டெழுத்து தேவையா?

வைகைக்கரை:
நாலு கோடு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து (எழுத்துகளைச் சேர்த்து எழுதும் 'கர்சிவ்') எழுதி எழுதிச் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நோகிறது. 'ஓ', 'டபிள்யூ' இரண்டுக்கும் பிறகு இணைப்பு மேலிருந்து வரவேண்டும். அங்கேதான் அடுத்து வரும் 'ஆர்', 'எஸ்' உருத்தெரியாமல் போகின்றன. சொல்லைப் பிழையின்றி எழுதினாலும், சேர்த்து எழுதவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். பின்லாந்து 2016-லேயே இதைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

மைக்கூடு:
கலிபோர்னியாவை விட்டுவிட்டீர்களே! அங்கே 2023-இல் சட்டம் இயற்றி, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை கூட்டெழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வு வரை இன்றும் பேனாதான். விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையை எடுக்காமல் எழுதுகிற பிள்ளைக்குத்தான் கடைசிக் கேள்விக்கு நேரம் மிஞ்சுகிறது. நார்வேயில் 36 மாணவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். தட்டச்சு செய்தபோது இருந்ததைவிடக் கையால் எழுதியபோது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகமாக இருந்தது.

வைகைக்கரை:
ஐயா, அந்த ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை. ஒப்பிட்டது கையெழுத்தையும் தட்டச்சையும். அந்தத் தட்டச்சும் ஒற்றை விரலால். தனித்தனியாக எழுதுவதும் கையெழுத்துதானே? கையால் எழுதவே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் மருந்துச் சீட்டைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ('கேபிடல்') எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது ஏன்? உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கிறுக்கலை நம்ப முடியாது.

செப்பேடு:
இருவரும் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டீர்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தோடு எழுத்து ஒட்டிக்கிடக்கும். வருடத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. இந்தக் குறிகளுக்குக் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் இடம் இருக்கிறது, படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. தாத்தா நிலத்தின் நான்கெல்லை தெரியவேண்டுமென்றால் வயதான பத்திர எழுத்தரைத் தேடி அலையவேண்டியிருக்கிறது.

மைக்கூடு:
சரியாகச் சொன்னீர்கள். எழுதிப் பழகாதவனுக்கு வாசிக்க எப்படி வரும்?

வைகைக்கரை:
வரும். இன்று ஓலைச்சுவடி படிக்கிறவர்கள் எல்லோரும் எழுத்தாணி பிடித்தா பழகினார்கள்? பத்திரம் படிக்கப் பெரிய வகுப்புகளில் சொல்லிக்கொடுங்கள், நானே பிள்ளையை அனுப்புகிறேன். கூட்டெழுத்தையும் ஆறாம் வகுப்பில் விரும்பியவர்கள் கற்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.