புதுப்பிப்பு: ‘ரேண்டம்’ சிக்கல் தீர்ந்தது

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்கள் சிலருடன் சேர்ந்து பைதான் நிரல்மொழி படிக்கிறோம், பகடை உருட்டும் நிரலில் “ரேண்டம் தொகுதியில் ரேண்டின்ட் இல்லை” என்று பிழை வருகிறது என முன்பு கேட்டிருந்தேன். (ரேண்டம் என்பது பைதானோடு வரும், எழுமாற்று எண்கள் தரும் தொகுதி; ரேண்டின்ட் அதில் முழு எண் தரும் சார்பு.) காரணம் பிடிபட்டுவிட்டது.

நிரலை எழுதிய தங்கை அதைச் சேமித்த கோப்பின் பெயரும் ரேண்டம்! ஒரு தொகுதியை நிரலுக்குள் கொண்டுவரும் இறக்குமதிக் கட்டளையைக் கண்டதும் பைதான், இயங்கும் நிரல் உள்ள கோப்புறையில் தேடிய பிறகே தன் நூலகத்துக்குப் போகிறது. ஆகவே அந்த நிரல் தன்னையே இறக்குமதி செய்து, தன்னிடம் இல்லாததைத் தன்னிடமே கேட்டிருக்கிறது. கோப்பின் பெயரை மாற்றியதும் ஓடியது. 2024 ஒக்டோபரில் வெளியான 3.13 பதிப்பு, இந்தப் பெயர் மோதலைப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பில் தனியாகப் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

பதில் எழுதிய அண்ணா ஒருவர், பட்டியல் உருவாக்கும் ‘லிஸ்ட்’ என்ற பெயரை நம் மாறிக்கு (மதிப்பைச் சேமிக்கும் பெயருக்கு) வைக்க வேண்டாம் என்றும் எச்சரித்திருந்தார். மிகச் சரி. மாறிக்கு அந்தப் பெயரை வைக்கும் வரியில் எந்தப் பிழையும் வராது. பல வரிகள் தள்ளி, பட்டியல் உருவாக்க ‘லிஸ்ட்’ஐ அழைக்கும்போதுதான் பிழை வெடிக்கும். பைதான் தன்னிடம் உள்ளமைந்த (இறக்குமதி இல்லாமலே கிடைக்கும்) பெயர்களைக் கடைசியாகத் தேடுவதால் நம் பெயர் முந்திக்கொள்கிறது. ஆனால் மூலப் பெயர் அழிவதில்லை. ‘டெல்’ கட்டளையால் நம் மாறியை நீக்கினால் அது மறுபடி கிடைக்கும்.

இதே காரணத்தால், நட்சத்திரக் குறியிட்டு ஒரு தொகுதியில் உள்ள எல்லாப் பெயர்களையும் அள்ளும் இறக்குமதியை எங்கள் குழுவில் இனி அனுமதிப்பதில்லை. கணிதத்துக்கான மேத் தொகுதியின் ‘பவ்’ (அடுக்கு கணிக்கும் சார்பு) உள்ளே வந்தால் உள்ளமைந்த ‘பவ்’ மறைந்துவிடும். முழு எண் வரவேண்டிய இடத்தில் தசம எண் வரும், பிழைச் செய்தியே இல்லாமல்.