டிராக்டர் கொட்டகையில் ஈரம்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம், வயலை ஒட்டி எங்கள் டிராக்டர் கொட்டகை இருக்கிறது. மேலே தகரம், மூன்று பக்கம் செங்கல் சுவர், தெற்கே திறப்பு, கீழே வெறும் மண் தரை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உள்ளே ஈரம் காய்வதே இல்லை.

கூரை ஒழுகவில்லை, அதை நன்றாகப் பார்த்துவிட்டோம். இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று அதில் பட்டு, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் மேல் விழுகிறது. கத்தி, செயின், போல்ட் எல்லாம் துரு. டீசல் டேங்கின் காலி இடத்திலும் இப்படியே தண்ணீர் சேர்வதால், டேங்கை நிரப்பித்தான் வண்டியை நிறுத்துகிறோம். யூரியா மூட்டைகளையும் வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று. அது ஈரத்தை இழுத்துக் கசிந்து இரும்பை அரிக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஈரம் உள்ளேயே அடைந்துகொள்ளும்.

தரையை ஓர் அடி உயர்த்தி, ஜல்லி பரப்பி, பாலித்தீன் விரிப்புக்கு மேல் கான்கிரீட் போடலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தவர்களுக்கு ஈரம் நின்றதா? காற்றோட்டத்துக்கு முகட்டில் இடைவெளி விட்டு மேல்மூடி வைப்பதா, காற்றில் சுற்றும் டர்பைன் வைப்பதா? சுவரில் காற்றுத் துளையுள்ள ஜாலி வைத்தால் வடகிழக்குச் சாரல் உள்ளே அடிக்குமே, அதற்கு என்ன செய்தீர்கள்?

டெல்டா பக்கம் கொட்டகை வைத்திருப்பவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி. மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.