தருமபுரி கிராமங்களில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
நேரடியாகவே கேட்கிறேன். மூன்று வகுப்பும் சேர்ந்து முப்பது பிள்ளைகள்கூட இல்லாத ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை இன்னும் எதற்கு நடத்த வேண்டும்? ஐந்தாம் வகுப்பு வரை ஊரிலேயே இருக்கட்டும். ஆறிலிருந்து பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகட்டும், அரசே வேன் விடட்டும். இப்போது மூன்று பட்டதாரி ஆசிரியர்கள், ஐந்து பாடம். கணக்கும் அறிவியலும் ஒருவர் தலையில். அவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு இரண்டு பாடமும் இல்லை. எட்டு முடித்து ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பின்னமே தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரூர் டீச்சர்:
சார், பின்னம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த முப்பது பேர் யார் என்று பாருங்கள். வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே மெட்ரிக் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகள், மலையில் வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடிப் பிள்ளைகள், அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க பாட்டியிடம் வளரும் பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 சதவீதம். வீட்டுப்பாடத்தை எடுத்துப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளையின் மதிப்பெண்ணையும் டியூஷன் போகும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பள்ளியை எடை போடுவது நியாயம் இல்லை.

காலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்து பாருங்கள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். ஐந்தாம் வகுப்புத் தம்பி தட்டில் உப்புமா வாங்கிச் சாப்பிடுகிறான். அவனைக் கூட்டி வந்த ஏழாம் வகுப்பு அக்கா தூண் ஓரமாக நிற்கிறாள். அவளும் வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறாள். இணைப்பைப் பற்றிப் பேசும் முன் அவளுக்கு ஒரு தட்டு வைக்கலாமே.

பென்னாகரம் அப்பா:
நானும் மகனை ஆறாம் வகுப்பில் தனியாரில்தான் சேர்த்தேன். பணத் திமிர் இல்லை, வட்டிக்கு வாங்கித்தான் கட்டுகிறேன். ஊர் நடுநிலைப் பள்ளியில் அவன் வகுப்பில் வெறும் ஏழு பேர். ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அரூர் டீச்சர்:
அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறாம் வகுப்பு சாதாரணக் கட்டம் இல்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், இரண்டுக்குமே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி.

பென்னாகரம் அப்பா:
பன்னிரண்டு வரை அவன் தேறினால்தானே அம்மா அந்த ஒதுக்கீடு? எனக்கு இந்த வருஷம் அவன் பெருக்கல் வகுத்தல் போட வேண்டும்.

பாலக்கோட்டுக்காரன்:
இவர் சொல்வதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. கொரோனாவில் பிள்ளைகள் நம்மிடம் வந்தார்கள். அசர் என்ற ஊரகக் கல்வி ஆய்வின்படி ஊரகத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 2018-ல் 67.4 சதவீதம், 2022-ல் 75.7. வந்தவர்களை நாம் தக்கவைக்கவில்லை. 2024-ல் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே போய்விட்டது. அதோடு பிறப்பும் குறைகிறது. மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கு. இன்றைக்கு முப்பது பேர் இருக்கும் இடத்தில் நாளைக்குப் பத்துப் பேர்தான். திட்டமிட்டு இணைக்காவிட்டால் ஒரு ஜூனில் யாருமே சேராமல் பள்ளி தானாக மூடப்படும். அது பரவாயில்லையா?

அரூர் டீச்சர்:
பரவாயில்லை என்று நான் எங்கே சொன்னேன்? தூரத்தைக் கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். சித்தேரி மலைப் பக்கம் இணைத்தால் அந்தக் கணக்கு எப்படி வரும்? விலையில்லா சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது. பதினொரு வயதுப் பெண் எதில் போவாள்? வேன் என்கிறீர்கள். போக்குவரத்துப் படி வருவதே ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா நிதியில். 2024-25-ல் அதில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததை மறந்துவிட்டோமா?

2001-ல் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான் இருந்த மாவட்டம் இது. 2011-ல் 913 ஆனது. பிழைத்து வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வீட்டுக்கு ஒரு சின்னக் காரணம் போதும். வயதுக்கு வந்த பிறகு தூரமும் சேர்ந்தால் அடுத்த பேச்சு கல்யாணம்தான்.

பாலக்கோட்டுக்காரன்:
மலைக்கு ஒத்துக்கொள்கிறேன், அங்கே கைவைக்க வேண்டாம். உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பலப்படுத்தட்டும். ஆனால் தார்ச்சாலை ஓரத்தில், டவுன் பஸ் ஓடும் வழியில், இரண்டு கிலோமீட்டரில் உயர்நிலைப் பள்ளி இருக்கும் ஊருக்கு என்ன பதில்? அந்தப் பிள்ளைக்கு ஆய்வகமும் கணக்குக்குத் தனி ஆசிரியரும் கிடைக்கக் கூடாதா?

அரூர் டீச்சர்:
கிடைக்கட்டும். அந்த ஊரில் எஸ்.எம்.சி. என்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போட்டு, காலனித் தாய்மார்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் நானும் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. டி.சி. கொடுத்து அனுப்பிய ஒவ்வொரு பிள்ளையும் ஆகஸ்டில் புதுப் பள்ளியில் இருக்கிறதா, எமிஸ் என்ற இணைய மாணவர் பதிவேட்டில் எந்தப் பள்ளியிலும் சேராதவர்களின் பொதுத் தொகுப்பிலேயே நின்றுவிட்டதா என்று வட்டாரக் கல்வி அலுவலர் பார்த்து, எண்ணிக்கையை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் வீடு தேடிப் போக வேண்டும். அதற்கு ஆள் யார் என்று ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.