‘சரளை அறிகுறி’க்குப் பதிலாக ‘மடைச்சரளை’

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாயின் வயிற்று எக்ஸ்ரே படத்தில், குடல் அடைபட்ட இடத்துக்குச் சற்று மேலே பொடிப்பொடியாகத் திரண்டு தெரியும் வெண்புள்ளிகளை ஆங்கிலத்தில் ‘gravel sign’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘சரளை அறிகுறி’ என்ற சொல்லைக் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். சரளையில் எனக்கு உடன்பாடே, அறிகுறிதான் இடிக்கிறது. வாந்தி, இரையெடுக்காமை, மெலிவு என வளர்ப்பவர் கண்ணில் படுவதையே நாம் அறிகுறி என்கிறோம். இதுவோ படத்தில் மட்டும் தெரிவது. வெறுமனே ‘சரளை’ என்று நிறுத்தினாலோ, நாய் கல்லைத் தின்றுவிட்டதாக வாசிப்பவர் எண்ணக்கூடும்.

அம்பாசமுத்திரம் பக்கம் நான் பார்த்த சிப்பிப்பாறை நாய் ஒன்று, ஒரு மாதமாக விட்டுவிட்டு வாந்தி எடுத்துவந்தது. சிறுகுடலின் விட்டம், பக்கவாட்டுப் படத்தில் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தைப் போல 1.6 மடங்கைத் தாண்டினால் அடைப்பை ஐயுற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இந்த நாய்க்கோ முள்ளெலும்பின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. குடலை அடைத்திருந்தது ஒரு மாங்கொட்டை; அது எலும்பைப் போல வெளுத்துத் தெரியவில்லை. அதற்கு மேற்புறத்தில்தான், ஒரு பிடி ரவையைக் கொட்டிவைத்தாற்போல, எலும்புத்துகளும் மண்ணும் வெள்ளையாகக் கிடந்தன.

குடல் முழுவதுமாக அடைத்துக்கொண்டால் இப்படிச் சேர்வதற்குள் நாய் சாய்ந்துவிடும். அடைப்பு பாதியாக இருந்து நாட்பட்டால்தான், நீரும் கூழும் கசிந்து கடந்துபோக, செரிக்காத துகள்கள் மட்டும் பின்தங்கும். எங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மடைவாயில் செத்தை சிக்கிக்கொண்டால் தண்ணீர் எப்படியோ கசிந்து போய்க்கொண்டே இருக்கும், சரளை மட்டும் இந்தப் பக்கம் மேடிட்டுவிடும். ஆகவே ‘மடைச்சரளை’ என்பது என் பரிந்துரை. நண்பர் ஒருவர் தனிமடலில் ‘அணைச்சரளை’ என்று எழுதியிருந்தார். அணை தேக்குவதற்கென்றே கட்டுவது, மடையோ நீர் போவதற்கான வழி, அந்த வழி குறுகிப்போனதைத்தானே நாம் சொல்ல வருகிறோம்?

நாய்களுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோயில் குடல் அசைவற்று, அடைப்பே இல்லாமல் காற்றால் உப்பிக் கிடப்பதற்கு இச்சொல் பொருந்தாது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். மடைச்சரளை தென்படவில்லை என்பதால் அடைப்பு இல்லை என்றும் ஆகாது. இவ்வளவையும் மனத்தில் வைத்து, மருத்துவக் குறிப்பில் எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன்: “இடைச்சிறுகுடலில் மடைச்சரளை தெரிகிறது, நாட்பட்ட பகுதியடைப்பு இருக்கலாம், ஸ்கேன் பார்க்கவும்.” எனக்கு நாக்கு இடறவில்லை. மற்றவர்களும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.