எடை மெஷின் பரணுக்குப் போய்விட்டது

குழு: மூலவீடு

சனி, காலை 6:40

நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா? வியாழக்கிழமை 78.4 காட்டியது. இன்று 79.6. இரண்டு நாளில் ஒரு கிலோ இருநூறு ஏறிவிட்டது. தை மாதத்திலிருந்து ராத்திரி சோற்றைத் தொடவில்லை, தினமும் அணை ரோட்டில் நடக்கிறேன். எதற்காக இதெல்லாம் செய்கிறேன் என்றே தெரியவில்லை.

ஓசூர் தம்பி: நேற்று சாயங்காலம் எங்கே போனாய் அக்கா?

நான்: கல்யாண வரவேற்பு. பந்தியில் உட்கார்ந்தேன். ஒரு வேளைதானே.

காவேரிப்பட்டணம் சித்தி: நான் பக்கத்து இலை. அப்பளம் மூன்று, ஊறுகாய் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான்: சொல்லிவிட்டீர்களே சித்தி.

அண்ணி: பாப்பா, இப்போதுதான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வருகிறேன். அழாதே. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானது போக ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். உன் கணக்குக்கு 9,000 தாண்டும். அவ்வளவு சாப்பிட்டாயா?

ஓசூர் தம்பி: அந்த வரிசை இலை முழுவதையும் இவளே சாப்பிட்டிருந்தால் வரும்.

அண்ணி: உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஊறுகாய், அப்பளம், இரண்டுமே உப்பு. அப்புறம் சோறும் இனிப்பும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும். அப்படி ஒரு கிராம் சேர்த்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரும் சேரும். நீ ஐந்து மாதமாகச் சோற்றைக் குறைத்தவள். ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்ததும் உடம்பு தொட்டியை நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

நான்: அப்படியென்றால் தையில் முதல் வாரமே இரண்டரை கிலோ குறைந்தது என்று எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேனே?

அண்ணி: அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அப்போது சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம் சித்தி: கேசரி நன்றாகத்தான் இருந்தது.

ஓசூர் தம்பி: அக்கா, ஒன்று செய். மெஷினில் ஏறிப் பார். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைக் குடி. திரும்ப ஏறு.

காலை 7:15

நான்: 79.6. குடித்த பிறகு 80.6. வயிறு வேறு கடகட என்கிறது.

ஓசூர் தம்பி: பார்த்தாயா, கால் மணி நேரத்தில் ஒரு கிலோ குண்டாகிவிட்டாய்.

அண்ணி: மெஷினை எங்கே வைத்திருக்கிறாய்?

நான்: குளியலறை வாசலில், கால்மிதி மேல். தரை சில்லென்று இருக்கிறது என்று.

அண்ணி: கடவுளே. கெட்டியான, சமமான தரையில் வைத்தால்தான் ஒழுங்காகக் காட்டும். கால்மிதி மேல் வைத்தால் அது என்ன காட்டினாலும் நம்பாதே. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். தினமும் ஏறிப் பார்க்கிறவர்களுக்கு இது வீண் வேதனை.

பர்கூர் அத்தை: நான் எழுந்து அரை மணி நேரமாகிறது, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் காலத்தில் சேலம் ஜங்ஷனில் ஒரு மெஷின் நிற்கும். காசு போட்டால் டக்கென்று அட்டை விழும். முன்னால் எடை, பின்னால் ஜோசியம். எனக்கு "நினைத்த காரியம் கைகூடும்" என்று வந்தது. எடை எவ்வளவு என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அதுதான் சரியான மெஷின்.

பர்கூர் அத்தை: சரி அதை விடு. உன் அளவு என் நோட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்தேன் இல்லையா? மார்பு 42, இடுப்பு 37½, கைச்சுற்று 14½. இப்போது எடுத்துப் பார்.

நான்: அத்தை! அதையா வைத்திருக்கிறீர்கள்?

பர்கூர் அத்தை: 22 வருஷமாகத் தைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் யார் எப்போது பெருத்தார்கள், எப்போது இளைத்தார்கள் என்று எல்லாம் நோட்டில் இருக்கிறது. சித்தியின் பக்கத்தைப் படமெடுத்துப் போடட்டுமா?

காவேரிப்பட்டணம் சித்தி: பர்கூர் அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஞாயிறன்று நிப்பட்டு கொடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிறு, காலை 8:05

நான்: மகள் டேப் பிடித்தாள். மார்பு 40½, இடுப்பு 35, கைச்சுற்று 13½!!! இடுப்பில் மட்டும் இரண்டரை இன்ச்!

ஓசூர் தம்பி: 👏👏 மெஷின் செத்தது.

பர்கூர் அத்தை: எந்த டேப்?

நான்: வீட்டில் இருக்கும் பழைய துணி டேப்தான். அம்மாவின் தையல் பெட்டியில் இருந்தது.

பர்கூர் அத்தை: இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும். நீண்ட டேப் குறைத்துக் காட்டும். பிள்ளையின் ஸ்கேலோடு வைத்துப் பார்.

நான்: 30 சென்டிமீட்டர் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தால் டேப்பில் 29½ தான் வருகிறது.

பர்கூர் அத்தை: சொன்னேன் இல்லையா. இடுப்புச் சுற்றுக்கு அரை இன்ச் சேர்த்துக்கொள். 35½ என்று எழுது. இரண்டு இன்ச் குறைந்திருக்கிறாய், பொய்யில்லாமல்.

நான்: அந்த அரை இன்ச்சை நான் பத்து நிமிடம்தான் அனுபவித்தேன்.

அண்ணி: நல்லதுதான் பாப்பா. ஆனால் ஒரு விஷயம். அத்தை ஜாக்கெட்டுக்கு எடுக்கும் இடுப்பு, ஜாக்கெட் முடியும் இடம். நாங்கள் பார்க்கும் இடுப்பு அதற்குக் கீழே. கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் எடு. வயிற்றை எக்காதே. டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் இறங்கிவிடாமல் மகளைப் பார்க்கச் சொல். காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

நான்: எக்காமல் எடுத்தால் 93 சென்டிமீட்டர். டேப் நீட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எக்கினால் 87.

ஓசூர் தம்பி: எக்கியபடியே வாழ்ந்துவிடு அக்கா.

அண்ணி: நம் ஊர் உடம்புக்குப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே. நமக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிற்றில் மட்டும் சேரும். இன்னொரு சுலபக் கணக்கு, இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீ 156, அப்படியென்றால் 78.

நான்: இன்னும் 15 சென்டிமீட்டர் இருக்கிறதா?

அண்ணி: ஆமாம். ஒரே வருஷத்தில் போக வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே வா. எண் இறங்குகிறதா என்று மட்டும் பார்.

ஓசூர் தம்பி: என் கதையைக் கேளுங்கள். ஜிம்மில் சேர்ந்தபோது 74 கிலோ. நாலு மாதம் கழித்தும் 74. மெஷினை நம்பியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டிருப்பேன். ஆனால் தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பெல்ட் இல்லாமல் நிற்கவில்லை. கொழுப்பு இறங்கி தசை ஏறியிருக்கிறது. ஒரே எடைக்குத் தசை கொழுப்பைவிடக் கொஞ்சம் குறைந்த இடத்தில் அடங்கிவிடும்.

பர்கூர் அத்தை: பேன்ட் என்றால் அதே பேன்ட்டாக இருக்க வேண்டும். கடையில் 34 என்று போட்டிருப்பதை நம்பாதே. ஒரு கம்பெனியின் 34 இன்னொரு கம்பெனியின் 36. நான் பிரித்துத் தைத்துப் பார்த்தவள்.

காவேரிப்பட்டணம் சித்தி: மோதிரம்? எனக்கு மோதிரம் லூசாகிவிட்டது.

அண்ணி: வெயில், உப்பு, வீக்கம் என்று விரல் ஒரே நாளில் மாறும் சித்தி. காலையில் கழன்று வரும், சாயங்காலம் சோப்பு போட்டாலும் வராது. மோதிரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

நான்: எனக்கு உண்மையில் நம்பிக்கை கொடுத்தது சையத் பாஷா மலைதான். தையில் கோட்டைக்கு ஏறும்போது ஆறு இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி இடத்தில் ஒரு குரங்கு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. போன ஞாயிறு இரண்டே இடம். அதிலும் ஒன்று போன் வந்ததால் உட்கார்ந்தது.

ஓசூர் தம்பி: ஏறிக்கொண்டே போனில் பேச முடிந்ததா?

நான்: துண்டு துண்டாகப் பேசினேன். "எங்கே இருக்கிறாய்" என்று வீட்டுக்காரர் கேட்டார். "மலை... மேல..." என்றேன். பயந்துவிட்டார்.

அண்ணி: 😂 இதைவிட என்ன அளவு வேண்டும்? அடுத்த தடவை முழு வாக்கியம் பேசு. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதி வை. நடந்து பழகப் பழக மெதுவாக இறங்கும்.

நான்: மகள் ஒரு யோசனை சொல்கிறாள். மாதம் ஒரு தடவை அதே கதவுக்கு முன்னால், அதே சுடிதாரில், அதே வெளிச்சத்தில் படம் எடுக்கலாமாம். பக்கவாட்டில் எடுத்த முதல் படத்தைப் பார்த்தேன். குழுவில் போடமாட்டேன், கேட்காதீர்கள்.

ஞாயிறு, மாலை 6:30

ஊத்தங்கரை பெரியப்பா: இன்றுதான் எல்லாவற்றையும் படித்தேன். டேப்பு, நோட்டு, படம்! எனக்கு எதுவும் வேண்டியதில்லை. அரைஞாண் கயிறு இருக்கிறது. மாசியில் புதுசு கட்டினேன், விரல் நுழையாது. இப்போது வேட்டி கட்டும்போது நழுவி இறங்குகிறது. நான் எதையும் குறைக்கவில்லை. களி இரண்டு உருண்டை அப்படியே. மாம்பழம் வேறு தினமும். கொடுத்து வைத்த உடம்பு.

ஓசூர் தம்பி: பெரியப்பா சூப்பர் 👏

காவேரிப்பட்டணம் சித்தி: தோப்பு வேலை மாமா, அதுதான்.

அண்ணி: பெரிய மாமா, ஒரு கேள்வி. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள்?

ஊத்தங்கரை பெரியப்பா: நாலு தடவை. தண்ணீர் நிறைய குடிக்கிறேன் அம்மா. வெயில் அப்படி. எவ்வளவு குடித்தாலும் நாக்கு வறண்டே இருக்கிறது.

அண்ணி: எவ்வளவு நாளாக?

ஊத்தங்கரை பெரியப்பா: சித்திரையிலிருந்து இருக்கும்.

அண்ணி: ரத்தத்தில் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?

ஊத்தங்கரை பெரியப்பா: எனக்கு எதற்கு அதெல்லாம்?

அண்ணி: மாமா, பாப்பா கஷ்டப்பட்டு இரண்டு இன்ச் குறைத்தாள். நீங்கள் எதுவுமே செய்யாமல் குறைந்திருக்கிறீர்கள். அது வேறு. தாகம், ராத்திரி எழுந்து போவது, சாப்பிட்டும் இளைப்பது மூன்றும் சேர்ந்தால் உடனே பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் ஊருக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்?

ஊத்தங்கரை பெரியப்பா: தோப்பில் இருந்தேன்.

பர்கூர் அத்தை: ஒளிந்திருந்தான் என்று சொல். அண்ணா, நாளைக்குக் காலை காபி குடிக்காமல் போய் ரத்தம் கொடு. நான் போன் செய்வேன்.

நான்: அந்தக் கைதட்டலை அழித்துவிடு தம்பி.

ஓசூர் தம்பி: அழித்துவிட்டேன். காலை 6 மணிக்குப் பைக்கில் வருகிறேன் பெரியப்பா, தயாராக இருங்கள்.

திங்கள், காலை 10:20

ஓசூர் தம்பி: வெறும் வயிற்றில் 212.

அண்ணி: 126 வந்தாலே சர்க்கரை நோய் என்று வைப்போம். இன்றே டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதையும் எழுதித் தருவார். சிறுநீரும் பார்க்கச் சொல். கால் விரல் இடுக்கில் புண் ஏதாவது இருக்கிறதா என்று நீயே குனிந்து பார் தம்பி, மாமா சொல்லமாட்டார்.

ஊத்தங்கரை பெரியப்பா: புண் இல்லை. குனிந்து பார்த்துவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள்.

நான்: பயப்படாதீர்கள் பெரியப்பா.

ஊத்தங்கரை பெரியப்பா: பயம் இல்லை கண்ணு. செந்தூரா மாம்பழம் ஒரு கூடை பழுக்க வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது?

காவேரிப்பட்டணம் சித்தி: நான் ஆள் அனுப்புகிறேன் மாமா.

ஓசூர் தம்பி: நான் இங்கேதான் இருக்கிறேன். கூடை ஏற்கெனவே பைக்கில் ஏறிவிட்டது.

செவ்வாய், இரவு 9:10

நான்: மாத்திரை தொடங்கிவிட்டார், ராத்திரி களி ஒரு உருண்டையாகிவிட்டது என்று பெரியம்மா போன் செய்தார். பாதி உருண்டைக்கு ஒரு சண்டையும் நடந்ததாம். எங்கள் வீட்டில் மெஷின் பரணுக்குப் போய்விட்டது. மாதம் ஒரு தடவை வீட்டுக்காரர் இறக்கித் தருவாராம். அத்தை, ஆறு ஜாக்கெட் தொளதொள என்று இருக்கிறது. வியாழக்கிழமை கொண்டு வரட்டுமா?

பர்கூர் அத்தை: கொண்டு வா. பக்கவாட்டில் பிடித்துத் தருகிறேன். பழைய டேப்பையும் கொண்டு வா, கத்தரித்துப் போடுகிறேன்.

நான்: உள்ளே மிச்சத் துணி உறுத்தும் அத்தை, அதையும் வெட்டிவிடுங்கள்.

பர்கூர் அத்தை: வெட்டமாட்டேன். தீபாவளி வரட்டும், பார்க்கலாம்.