கெடு யாருடையது? ‘டீஃபால்ட் பெயில்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நமது வாராந்தரச் சட்டச் செய்தி ஒலிப்பதிவுக்காக ‘டீஃபால்ட் பெயில்’ (உரிய நாளுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை போடாததால் கிடைக்கும் ஜாமீன்) என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று நான் எழுதி மூன்று வாரங்கள் ஆகின்றன. அதற்குள் ஒன்பது சொற்கள் வந்து சேர்ந்துவிட்டன. அகராதிக்கு என்றால் அவற்றில் நான்கைந்து தேறும். நமக்கு வேண்டியதோ, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வாசலில் வழக்குக்காகக் காத்திருப்பவரும், தேவனாம்பட்டினத்தில் வலையைச் சரிசெய்துகொண்டே கைபேசியைக் கேட்பவரும் ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் சொல். எழுத்தில் புரியாவிட்டால் வாசகர் மேல்வரிக்குத் திரும்புவார். ஒலிப்பதிவைப் பின்னுக்குத் தள்ளிக் கேட்பவர் குறைவு.

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய நெய்வேலி நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பு ஒரு பதிவில் அப்படித்தான் விட்டோம். முதுநகரிலிருந்து ஒரு நேயர், “பேங்க்குல கடன் கட்டாதவன டீஃபால்ட்டர்னு சொல்றாங்களே, அவனுக்குன்னு தனியா ஜாமீன் இருக்குதா சார்?” என்று குரல் செய்தி அனுப்பினார். அவர்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. அந்தச் சொல் தமிழ்நாட்டுத் தெருவில் கடனோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஒருவரைக் கைது செய்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, காவலில் வைக்க உத்தரவு பெற்றுவிட்டால், காவல்துறை தன் புலன்விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வதற்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமென்றால் 90 நாள். மற்றக் குற்றங்களுக்கு 60 நாள். அந்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், காவலில் இருப்பவர் பிணைகொடுக்கத் தயாராக இருந்து கேட்கும்போது, அவரை விடுவித்தே ஆகவேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது, சாட்சியம் எவ்வளவு வலுவானது என்றெல்லாம் அந்த இடத்தில் நீதிமன்றம் பார்ப்பதில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3) பிரிவாக இருக்கிறது. போதைப்பொருள் வழக்கிலும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கிலும் நாள்கணக்கு வேறு. அங்கே 180 நாள் வரையும், போதைப்பொருள் வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு ஓராண்டு வரையும் போகலாம்.

இந்தக் கெடு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் புலன்விசாரணைக்காகக் காவலில் வைக்க 15 நாள்தான் இடமிருந்தது. அது போதாததால், அரைகுறை அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, வழக்கைத் தள்ளிவைக்கும் வேறொரு பிரிவைக் காட்டிக் காவலை நீட்டிக்கொண்டே போகும் பழக்கம் வளர்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் நாள்களைக் கூட்டிக் கொடுத்து, கூடவே கதவையும் வைத்தது: இத்தனை நாளுக்குள் முடி, இல்லையேல் விடு. முதலில் எல்லாவற்றுக்கும் 60 நாளாக இருந்தது 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 60, 90 என்று பிரிந்தது. ஆக, இங்கே ‘டீஃபால்ட்’ என்பது கைதானவரின் தவறன்று. காவல்துறை உரிய நாளில் செய்ய வேண்டியதைச் செய்யாதது.

கணித்தமிழ் நண்பர்கள் தந்த ‘இயல்புநிலைப் பிணை’, ‘முன்னிருப்புப் பிணை’ இரண்டையும் இதனாலேயே ஒதுக்குகிறேன். கைபேசி அமைப்பில் நாம் எதையும் மாற்றாதபோது இருக்கும் நிலைக்கு அந்தச் சொற்கள் பொருந்தும். இங்கே ஒன்றும் இயல்பாக முன்பே இருக்கவில்லை. ‘தவறுகைப் பிணை’ நீதிமன்ற மரபுக்கு நெருங்கி வருகிறது. ஆனால் யார் தவறினார் என்று சொல்லாததால், கேட்பவர் பழியைக் கைதானவர் தலையில் ஏற்றிவிடுவார். ‘சட்டப்பூர்வ ஜாமீன்’ என்றால் மற்ற ஜாமீன்கள் சட்டத்துக்குப் புறம்பானவையா? ‘கட்டாய ஜாமீன்’ என்பதில் கட்டாயம் நீதிமன்றத்துக்குத்தான் என்று விளங்கவைக்க இன்னொரு வாக்கியம் வேண்டும்.

‘உரிமைப் பிணை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்கு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பிணையில் விடத்தக்க குற்றங்களிலும் பிணை உரிமைதான்; பழைய 436, புதிய 478 பிரிவு அதைத்தான் சொல்கிறது. இரண்டு வேறு உரிமைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் நாமே குழப்பத்தை விதைத்தவர்கள் ஆவோம். ‘காலக்கெடுப் பிணை’யைக் கேட்டால், குறிப்பிட்ட நாள் வரை மட்டும் செல்லும் இடைக்கால ஜாமீன் போல் இருக்கிறது. ‘கெடு கடந்த பிணை’ என்று பெயரெச்சமாக்கினால் இன்னும் மோசம். கெடு கடந்தது பிணைக்கே என்றாகிவிடும்.

இந்த இடத்தில் ‘முன்ஜாமீன்’ எப்படி ஊருக்குள் புகுந்தது என்று யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பு என்ற பொருளுடைய சொல் அதில் இருக்கிறது. யாரும் ‘எதிர்நோக்குப் பிணை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. கைதுக்கு முன்னால் வாங்குவது, ஆகவே முன்ஜாமீன். இன்று அது தெரியாத தேநீர்க்கடை இல்லை. அதைப் போலவே இங்கும் ஆங்கிலச் சொல்லை மறந்துவிட்டு, நடப்பது என்ன என்று பார்த்தால், கெடு தாண்டுகிறது, ஜாமீன் வருகிறது. பண்ருட்டி நண்பர் அந்த வழியிலேயே சுருக்கமாக ‘கெடு ஜாமீன்’ என்றார். கெடுமதி, கெடுவினை என்று பழகிய காது அதைக் கெட்ட ஜாமீன் என்று கேட்டுவிடும் என்பதுதான் என் தயக்கம்.

நான் முன்வைத்தது ‘கெடுமீறல் ஜாமீன்’. விதிமீறல் அபராதம் என்றால் விதியை மீறியதால் வரும் அபராதம்; மழை விடுமுறை என்றால் மழையால் வரும் விடுமுறை. கார்த்திகை மாதத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொகைநிலையை யாரும் இலக்கணம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதனால் என் சொல் வென்றுவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

சென்ற புதன்கிழமை, நீதிமன்றத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் அம்மாவிடம், “அவருக்குக் கெடுமீறல் ஜாமீன் கிடைத்தது” என்று படித்துக் காட்டினேன். எந்திரத்திலிருந்து வந்த தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, “ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடாம விட்டுட்டாரா?” என்று கேட்டார். நிபந்தனை ஜாமீனில் வந்தவர் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திடுவதும், அதை மீறுவதும், ஜாமீன் ரத்தாவதும் அவர் அன்றாடம் காதில் வாங்கும் செய்தி. ‘மீறல்’ என்றதும் அவர் மனம் அங்கே போய்விட்டது. நான் மாற்றி, “கெடு தாண்டிவிட்டதால் ஜாமீன் கிடைத்தது” என்றேன். அடுக்கிய தாள்களைக் கீழே வைத்துவிட்டு, “யாரு கெடு? போலீஸ் கெடுவா?” என்றார்.

கேட்பவர் வாயிலிருந்து எந்தக் கேள்வி வரவேண்டும் என்று மூன்று வாரம் தேடினேனோ, அது வந்துவிட்டது. ஆகவே என் பழைய சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு, ‘கெடுதாண்டல் ஜாமீன்’ என்பதை முன்வைக்கிறேன். கெடுவைத் தாண்டல் என்று விரிவதால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நடுவில் ஒற்று மிகாது. மிகுத்துப் படித்தால் ‘கெடுத்தான்’ என்று தொடங்கும், அதைப் பதிவில் வாசிப்பவர் கவனிக்க வேண்டும்.

பிணையா, ஜாமீனா என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் திறக்க எனக்கு விருப்பமில்லை. பிணை நல்ல தமிழ். சங்கப் பாடல்களில் அது பெண்மான்; செய்திகளில் பிணைக்கைதி. வீட்டில் மட்டும் ஜாமீன். ஒலிப்பதிவில் ஜாமீன், சொல் தொகுப்பில் பிணை என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் இருந்தபோது ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடிப் பல சொற்களைச் சொல்லிப் பார்த்து, எதுவும் மனத்துக்குப் பொருந்தாமல் ‘மெம்பர்’ என்றே எழுதியவர் பாரதி. பின்னாளில் ‘உறுப்பினர்’ வந்து நிலைத்தது. காலம் செய்ய வேண்டியதைக் காலத்துக்கே விட்டாலும் தவறில்லை.

– மஞ்சக்குப்பத்திலிருந்து, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன்

*

ஐயாவுக்கு வணக்கம்.

‘கெடுதாண்டல்’ எனக்கு உடன்பாடே. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லும் இதற்கு இடம் தருகிறது. வரவேண்டியவர் வராமல் போனதால் அளிக்கும் தீர்ப்பை பிரெஞ்சுச் சட்ட மொழியில் ‘பார் தெஃபோ’ என்பார்கள். ‘தெஃபோ’ என்றால் குறை, இன்மை. செய்ய வேண்டியது இல்லாமற்போனது என்ற பொருள் அங்கிருந்தே வருகிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ‘கொம்யூன்’ என்ற உள்ளாட்சிச் சொல்லை இன்னமும் அப்படியே சொல்லும் ஊர்க்காரி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. கெடு தாண்டியதும் சிறைக்கதவு தானாகத் திறக்கும் என்று இந்தச் சொல் நம்பவைத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் 64ஆம் நாள் என் மேசைக்கு வந்தார். மகன் காலாப்பட்டு சிறையில். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்திருந்தார். 60க்கு வட்டம் போட்டிருந்தார். 61ஆம் நாள் சிறை வாசலில் போய் நின்றிருக்கிறார். யாரும் மனுப் போடவில்லை. 62ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த உரிமை போய்விடும் என்பது 1994இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு சொன்னது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அதை அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

கேட்டுவிட்டால் நிலைமை வேறு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட பிறகு குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து அந்த உரிமையை முறியடிக்க முடியாது என்றது. 2017இல் வந்த தீர்ப்பின்படி வாய்மொழியாகக் கேட்டாலும் போதும். ஊரடங்குக் காலத்தில் மற்ற வழக்குகளுக்கு நீட்டித்த கால அவகாசம் தங்களுக்கும் உண்டு என்று காவல்துறை சொன்னபோது, மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கில் 2020 ஜூனில் அதையும் மறுத்துவிட்டார்கள். ஆகவே ‘கேட்டுப்பெறு’ என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே வர வழி உண்டா என்று பாருங்கள்.

நாள் எண்ணுவதும் சிக்கல்தான். பலர் கைதான நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அது தவறு; காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட நாளே முதல் நாள். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது.

– கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்திலிருந்து, புதுச்சேரி வழக்கறிஞர்

*

அம்மாவுக்கு வணக்கம்.

அந்த நாள்காட்டியைப் பற்றிப் படித்த பிறகு, சொல்லைவிடச் சொல்லுக்குப் பின் வரும் வாக்கியமே முக்கியம் என்று தோன்றுகிறது. ‘கேட்டுப்பெறு’வைச் சொல்லுக்குள் நுழைக்க முயன்றேன், ‘கெடுதாண்டல் கேட்புப் பிணை’ என்று வருகிறது. இது அரசாணையில் அச்சாகலாம், யார் வாயிலும் வராது. எல்லா ஜாமீனும் கேட்டுப் பெறுவதே என்பதால், அதைத் தனியாகச் சொல்லும் சொல்லைக் கேட்பவர் பொருட்படுத்தவும் மாட்டார். நீங்கள் காட்டிய அபாயம் உண்மையானது என்பதால், இந்தச் சொல் பதிவில் வரும் ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்ட பத்தியைச் சேர்த்தே வாசிப்பது என்று வைத்துக்கொள்ளலாம்:

“இது கெடுதாண்டல் ஜாமீன். குற்றப்பத்திரிகை போடக் காவல்துறைக்குச் சட்டம் வைத்த கெடு 60 நாள் அல்லது 90 நாள். ரிமாண்ட் செய்த நாளே முதல் நாள். காரியத்துக்கு நாள் எண்ணும்போது இறந்த நாளையும் சேர்ப்போமே, அப்படி. கெடு முடிந்த மறுநாளே வக்கீல் மூலமாகவோ, வக்கீல் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் நேரிலோ ஜாமீன் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். ஜாமீன்தாரரைத் தயாராக வைத்திருங்கள். இந்த ஜாமீன் கிடைத்ததால் வழக்கு முடிந்துவிடாது.”

நகல் கடை அம்மாவிடம் இதை நேற்று வாசித்துக் காட்டினேன். “ரிமாண்ட் பண்ண தேதிய எங்க பாக்கறது, அதச் சொல்லலியே” என்றார். ரிமாண்ட் உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரியை ‘அப்படி’ என்பதற்கு அடுத்துச் சேர்க்கிறேன். அந்த வரியை நீங்கள் எழுதி அனுப்பினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பதிவு.

– மஞ்சக்குப்பத்திலிருந்து