மூன்று மீட்டர் தூரத்தில்: ஃபிப்டி லென்ஸோடு தெருவில் சந்தித்தவர்கள்

தெருவில் படம் எடுக்க 50 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ், பேச்சுவழக்கில் ஃபிப்டி) வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பின்னணி எவ்வளவு மங்கும், விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த லென்ஸ் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவை (சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவே இருப்பது) நெடுக்காகப் பிடித்தால், நிற்கிற ஒரு ஆள் தலை முதல் கால் வரை அடங்க ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குறுக்காகப் பிடித்தால் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடுப்புக்கு மேல் போதும் என்றால் ஒன்றரை, இரண்டு மீட்டர். இந்தத் தூரத்தில் ஒளிந்து நின்று எடுக்க முடியாது. அவர் நம்மைப் பார்த்துவிடுவார். குரலை உயர்த்தாமலே "என்னப்பா எடுக்கிற?" என்று கேட்பார். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சென்னைத் தெருக்களில் நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் அந்தப் பதிலுக்கு அப்புறம் எடுத்தவை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த சேனல்?" விடியுமுன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் கேமராவோடு நிற்கிறவன் டிவிக்காரனாகவோ யூடியூப்காரனாகவோதான் இருக்க வேண்டும் என்பது அங்கே முடிவான விஷயம். சங்கரா மீன் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம், சேனல் எதுவும் இல்லை, எனக்காகத்தான் எடுக்கிறேன் என்றேன்.

"உனக்கு எதுக்கு என் மூஞ்சி?"

நியாயமான கேள்வி. முகம் வேண்டாம், மீனையும் கையையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடு, ஆனா யாவாரத்துக்கு நடுவுல வராத" என்றார். நான் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர் பணம் எண்ணும் விதத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல் நுனிகள், கட்டை விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செதில். ஈர நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இரண்டு விரலால் லேசாகத் தேய்த்துப் பிரித்து, மடித்து, சுருக்குப் பைக்குள் தள்ளுவார். அதற்குள் அடுத்த ஆளிடம் விலையும் சொல்லி முடித்திருப்பார். படத்தைக் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, "ஏய், என் கையப் பாருடி" என்றார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் இடம் விட்டு உட்காரச் சொல்கிறார். முகத்துக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை. நானும் கேட்பதில்லை.

அந்த நேரத்து வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஃப் 2 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 3200 (சென்சாரின் ஒளியுணர்வு) வைத்தால் படம் கிடைத்துவிடும். ஆனால் மலிவு எல்இடி விளக்குகளின் கீழே ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கோ ஐம்பதில் ஒரு நொடிக்கோ கொண்டுவந்தால் பட்டை போய்விடும். மாலையில் பாண்டி பஜார் கடைகளுக்கும் இதேதான்.

மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டும் ஒரு பாட்டி விஷயம் வேறு. அவரே கூப்பிட்டார். "தம்பி, என்னை நல்லா ஒண்ணு எடுத்துக் குடேன். பேரன் போன்ல எடுத்தான், மூக்கு மட்டும் முன்னால வந்து உக்காந்திருக்கு."

பாட்டி சொன்னதில் தப்பே இல்லை. போனில் இருக்கும் முதன்மை கேமரா பொதுவாக 24 முதல் 26 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம். அதை வைத்து முகம் நிறைய எடுக்க வேண்டுமானால் அரை மீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டே போனால் மூக்குக்கும் காதுக்கும் இடையில் உள்ள தூரமே பெரிய வித்தியாசமாகிவிடும். மூக்கு பெருக்கும், காது சுருங்கும். இதைச் செய்வது தூரம்தான். ஃபிப்டியில் இடுப்புக்கு மேல் எடுக்க ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போகிறோம். அந்தத் தூரத்தில் முகம் நாம் எதிரே உட்கார்ந்து பேசும்போது தெரிகிற மாதிரியே வரும். எஃப் 4 வைத்தால் கண் காது எல்லாம் தெளிவாக இருக்கும், பின்னால் போகிற பைக்குகள் மங்கும்.

பாட்டி நாரைக் கீழே வைத்தார். தலையில் தண்ணீர் தடவி முடியை ஒதுக்கினார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்து நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை. எடுத்தேன். திரும்பவும் அவர் கட்ட ஆரம்பித்ததும், குனிந்த தலையும் விரலிடுக்கில் ஓடும் நாருமாக இன்னொன்றும் எடுத்தேன். அடுத்த வாரம் இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விறைப்பாக உட்கார்ந்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் புடவைக்குள் பத்திரப்படுத்தினார். மற்றதை என்னிடமே நீட்டினார். "இதுல வேலைல்ல பாத்துட்டு இருக்கேன், இது எதுக்கு?"

தெருப் படம் எடுப்பவர்களில் பலருக்குக் கேமராவைப் பார்த்து நிற்கிற படம் என்றாலே இளக்காரம். தெரியாமல் எடுத்தால்தான் உண்மையாம். ஆனால் அந்தப் பாட்டிக்கு எது தன் உண்மையான படம் என்பதில் துளி சந்தேகம் இல்லை. அவர் திருப்பிக் கொடுத்த பிரிண்ட் என் மேசையில் இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்த படம்தான். என்றாலும் ஒருவர் சரிசெய்துகொண்டு நின்று, இப்போது எடு என்று சொன்னால், இப்போதெல்லாம் அந்தப் படத்துக்கும் அதே கவனத்தைக் கொடுக்கிறேன்.

ஒளிந்து எடுப்பதற்கு ஆதாரமாக எல்லோரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனை இழுக்கிறார்கள். தன் லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களை அவர் கறுப்பு டேப்பால் மறைத்தது உண்மைதான். ஆனால் வாழ்நாளில் பெரும்பாலும் அவர் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸ். தூரத்து ஆளைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் அவருக்கு அநேகமாகத் தேவைப்படவில்லை. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், அவர் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது அவர் நின்ற இடத்தைத்தான் தேடுவேன். ஆட்களுக்கு நடுவில் இருந்திருக்கிறார்.

இனி வேகத்துக்கு வருவோம். பேசிவிட்டு எடுக்கும் படங்களுக்கு அவசரம் இல்லை. நடந்து போகும்போது கண்ணில் படுவதை எடுக்க, கேமரா கண்ணுக்கு வருமுன்பே ஃபோகஸ் தயாராக இருக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8 வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை நிற்கிற எல்லாம் தெளிவாக வரும். எஃப் 1.8 வைத்தால் அதே இடத்தில் 40 செ.மீ.தான் மிஞ்சும், ஆள் ஓர் எட்டு வைத்தால் போச்சு. விலை குறைந்த புது லென்ஸ்கள் பலவற்றில் தூர அளவே அச்சிட்டிருக்காது. அதற்கு நான் கையாளும் வழி ஆட்டோ. நம் ஊர் ஆட்டோ 2.6 மீட்டர் நீளம். நிற்கிற ஆட்டோவின் பின்பக்கத்திலிருந்து முன்சக்கரம் வரை கண்ணால் அளந்து, கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுவேன். நிழல் விழும் பக்கம் ஐஎஸ்ஓ 800, எஃப் 8 என்றால் ஷட்டர் 250-இல் ஒரு நொடி அளவுக்குக் கிடைக்கும். நடக்கிற ஆளுக்கு அது போதும்.

ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் 50 மாட்டினால் 75 அல்லது 80 மி.மீ. மாதிரி வேலை செய்யும். குறுக்காகப் பிடித்து முழு ஆளை எடுக்க ஆறரை மீட்டர் பின்னால் போக வேண்டும். ஆறரை மீட்டர் என்றால் தெருவுக்கு எதிர்ப்பக்கம். நடுவில் ஷேர் ஆட்டோ வரும், மாடு வரும், அதைவிட முக்கியமாகப் பேச்சு அறுந்துபோகும். கிராப்புக்கு 35 வாங்குங்கள்.

ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவில் நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். அந்த ஆளின் ஊரும் பேரும் இல்லாமல் எழுதுகிறேன். துணி பேல்கள் ஏற்றிய மீன்பாடி வண்டியை ஒருவர் மிதித்துக்கொண்டு வந்தார். மேட்டில் இறங்கித் தள்ளும்போது தோளும் கழுத்தும் வெயிலில் மின்ன, பின்னால் கடை போர்டுகள் வரிசையாக. நல்ல படம். எடுத்ததைப் பார்த்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "சார், அத அழிச்சிடுங்க. ஊர்ல கடையில கணக்கு எழுதுறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம்."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். என் கேமராவில் இரண்டு மெமரி கார்டு, படம் இரண்டிலும் பதியும். இரண்டாவதிலும் அழித்து, எதுவும் இல்லை என்று திரையில் காட்டினேன். உங்கள் கேமராவிலும் இரண்டு கார்டு இருந்தால் இதை மறக்காதீர்கள். ஒன்றில் மட்டும் அழித்துவிட்டு வருவது ஏமாற்று வேலை. அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்தோம். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. 200 மி.மீ. லென்ஸில் எதிர்ச் சாரியிலிருந்து எடுத்திருந்தால் அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கும். இணையத்திலும் போட்டிருப்பேன், பாராட்டும் வந்திருக்கும். அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். உழைக்கிற ஒருவரின் முகம் தெரிகிற படத்தை அவரைக் கேட்காமல் இணையத்தில் போடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. திருவல்லிக்கேணி சந்துகளில் "அண்ணா, ஒரு போட்டோ" என்று ஓடிவருவார்கள். வந்து லென்ஸிலேயே மூக்கை வைப்பார்கள். என்னுடைய லென்ஸ் 45 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. நான் பின்னால் போக, அவர்கள் முன்னால் வர, சந்து முடிந்துவிடும். வீட்டு வாசலில் அம்மாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் படியில் உட்காரவைத்து எடுப்பது நல்லது. பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் எடுப்பதில்லை.

ஃபிப்டி எடுபடாத இடமும் உண்டு. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் 3 மீட்டர் இடைவெளியா, முப்பது செ.மீ. கூடக் கிடைக்காது. நீர்மோர்ப் பந்தல், பல்லக்கு, தோளில் குழந்தை என்று எல்லாம் நம் மேல் சாய்ந்து வரும். அங்கே 28 மி.மீ. அகலக் கோண லென்ஸ் கொண்டுபோங்கள். சௌகார்பேட்டையின் குறுகிய சந்துகளுக்கும் அப்படித்தான்.

ஃபிப்டிக்கு ஏற்ற காலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் காசிமேட்டின் தடைக்காலத்தைச் சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கூட்டம் குறைந்து, வலை பழுது பார்ப்பவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். வலையின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண் கண்ணாகக் கோத்துக்கொண்டே பேசுவார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் பேச்சில் கடனும் வரும், டீசல் விலையும் வரும். கேமராவை மடியில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். போன தடைக்காலத்தில் எடுத்தவற்றை மேட் பேப்பரில் 6க்கு 4 அளவில் போட்டு வைத்திருக்கிறேன். பளபளப்புப் பேப்பர் அங்கே ஈரக் கைபட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஜூன் 14க்குள் உரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். படகு கிளம்பிவிட்டால் யாரையும் ஓரிடத்தில் பிடிக்க முடியாது.